ஓர் அடி, இரண்டு ஓசை: வீட்டுக் கோல்ஃப் அறையின் ஒலிகாப்பு

கோல்ஃப் சிமுலேட்டர் அறையில் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு ஓசைகள் எழும். மட்டையின் முகத்தில் பந்து படும்போது சவுக்கைச் சொடுக்கியதுபோல் ஒரு ‘டக்’. நொடியில் இருபதில் ஒரு பங்கு கழித்து, எதிரே தொங்கும் திரையில் பந்து போய் மோதும்போது மெத்தையில் குத்தியதுபோல் ஒரு ‘தொம்’. முதல் ஓசை ஆடுபவரின் காதைப் படுத்தும். இரண்டாவது பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டும் பிறக்கும் விதம் வேறு, பரவும் வழி வேறு. ஆகவே ஒன்றுக்குச் செய்த மருந்து மற்றொன்றுக்குப் பலிப்பதில்லை. வீட்டுக்குள் இப்படியோர் அறை அமைப்பவர்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அறையின் அமைப்பு எளியது. தரையில் செயற்கைப் புல் விரிப்பு. மூன்று மீட்டர் தள்ளி, நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் திரை. திரைமேல் புரொஜெக்டர் காட்டும் மைதானம். பந்தின் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றை அளக்கும் ரேடார் அல்லது கேமரா. பந்து உண்மையில் பறப்பது அந்த மூன்று மீட்டர்தான். மிச்சமுள்ள இருநூறு மீட்டரைக் கணினி கணக்குப் போட்டுத் திரையில் ஓட்டிக்காட்டும். நிலம் குறைந்து மாடிகள் நிறைந்த தென் கொரியாவில் இது பெருந்தொழிலாகவே வளர்ந்தது. 2000-இல் தேஜோன் நகரில் தொடங்கிய கோல்ஃப்சோன் நிறுவனம் அதில் முன்னோடி. கொச்சியிலும் நிலம் தாராளமாகக் கிடைப்பதில்லை. கோல்ஃப் ஆட வேண்டுமென்றால், 1744-இல் டச்சுக்காரர்கள் மாளிகை கட்டிய போல்காட்டித் தீவுக்கோ நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டிய மைதானத்துக்கோ போக வேண்டும். நகரின் பழைய பகுதியான மட்டாஞ்சேரியின் சந்துகளில் சைக்கிள் திருப்பவே இடம் போதாது. ஆனால் அங்குள்ள பழைய வீடுகளிலும், மிளகும் சுக்கும் ஏலக்காயும் அடுக்கிவைத்த பண்டகசாலைகளிலும் இந்த ஆட்டத்துக்கு அவசியமான ஒன்று உண்டு: உயரம். மட்டையை முழுதாகச் சுழற்ற ஏறக்குறைய மூன்று மீட்டர் வேண்டும். வழக்கமான அடுக்குமாடி வீட்டில் அது கிடைப்பது அரிது. ஓட்டுக்கூரையின் கீழே எளிதாகக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த வீடுகள் பலவும் தோளோடு தோள் ஒட்டி, ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்பவை.

கோல்ஃப் பந்தின் எடைக்கு விதி வகுத்த உச்சம் 45.93 கிராம். பழகிய ஆட்டக்காரர் ஒருவர் ‘டிரைவர்’ என்னும் நீண்ட மட்டையால் அடித்தால் பந்து நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லிநொடி அளவுதான். அவ்வளவு குறுகிய நேரத்தில் அந்த வேகத்தை ஊட்ட, சராசரியாக 5,500 நியூட்டன் விசை தேவை. அரை டன்னுக்கும் மேற்பட்ட பாரம் ஒரு கணம் பந்தின்மேல் ஏறி இறங்குவதற்கு அது சமம். அதே பந்து திரையில் படும்போது துணி முப்பது சென்டிமீட்டர் பின்வாங்கிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நிற்பதற்குப் பத்து மில்லிநொடி ஆகும். சராசரி விசை 275 நியூட்டனாக, இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மோதல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்கள் அதில் பிறக்கும். அரை மில்லிநொடி மோதலின் ஒலி ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை விரியும். பத்து மில்லிநொடி மோதலின் ஆற்றல் பெரும்பாலும் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கும். முன்னது ஜால்ராவின் இனம், பின்னது தவிலின் இனம். கல்யாண மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் படுத்திருப்பவருக்கு எது கேட்கும் என்பது எல்லோரும் அறிந்ததே.

மோதலின் ஒலி இந்திய இயற்பியலுக்குப் பழைய சொந்தம். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன், ஒளிச்சிதறலுக்கு வருமுன் கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஒலியில் மூழ்கியிருந்தார். அந்தக் கழகத்தில் பணியாற்றிய சுதாம்சு குமார் பானர்ஜி, இரண்டு கோளங்கள் மோதும்போது காற்றில் கிளம்பும் அலைகளை ஆராய்ந்து 1916-இல் கட்டுரை வெளியிட்டார். கெட்டியான சிறு கோளங்கள் மோதும்போது அவை மணிபோல் அதிர்வதால் ஒலி வருகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த அதிர்வின் அதிர்வெண் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கேட்கும் ஒலி கோளங்களின் வேகம் திடீரென மாறுவதால் காற்று தள்ளப்பட்டுப் பிறக்கிறது என்பது அவர் காட்டிய விளக்கம். கோல்ஃபில் இதன் இரண்டு முகங்களும் ஒருங்கே தெரியும். கெட்டி இரும்பாலான சிறு மட்டையின் ஓசை பெரும்பாலும் மோதலின் ஓசை. டிரைவர் மட்டையோ உள்ளீடற்ற டைட்டானியக் கூடு. அதன் மெல்லிய முகம் அடிபட்டதும் வெண்கலக் கிண்ணம்போல் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் கணகணக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அதே எல்லையில்தான். 2008-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் இங்கிலாந்து மருத்துவர்கள், மெல்லிய முகம் கொண்ட டிரைவரைத் தொடர்ந்து பயன்படுத்திய 55 வயது ஆட்டக்காரர் ஒருவரின் செவித்திறன் குறைவைப் பதிவுசெய்தார்கள். அவர்கள் அளந்த அத்தகைய மட்டைகளில் சில 120 டெசிபலைத் தாண்டின. அவர் ஆடியது திறந்த மைதானத்தில். நான்கு சுவருக்குள் ஓசை திரும்பத் திரும்ப எதிரொலித்துச் சேரும்.

டெசிபல் கூட்டல் கணக்குக்கு அடங்காத அளவை. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் திறன் பத்து மடங்கு ஆகிறது. காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிமுதல் காலை ஆறுவரை 45. இவை நீண்ட நேரச் சராசரிகள். ஒரு கணம் வெடித்து அடங்கும் அடியின் உச்சத்திலிருந்து இவற்றை நேரே கழித்துத் தேவையான தடுப்பைக் கணக்கிடுவது சரியாகாது. நடைமுறையில் நல்ல இலக்கு சட்டத்தைவிடக் கடுமையானது. அமைதியான படுக்கையறையில் இரவில் நிலவுவது முப்பது டெசிபல் அளவு. அதற்குமேல் தலைகாட்டும் எந்தத் தட்டலும் உறங்குபவருக்குக் கேட்கும், அதிலும் இடைவெளி விட்டு வரும் தட்டல் சீரான இரைச்சலைவிட அதிகமாக உறுத்தும். அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருக்கும் காதுக்கு உறக்கம் வராது.

ஓசை அறையைவிட்டு வெளியேற இரண்டு பெருவழிகள் உண்டு. ஒன்று காற்று, மற்றொன்று கட்டடத்தின் உடம்பு. இரண்டின் வேறுபாட்டைக் காண மட்டாஞ்சேரியிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் சீருடை துவைக்க வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி துவைக்கின்றன. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் துணி கல்லில் அறைவது முன்னே தெரியும், ஓசை பின்னே வரும். கொச்சியின் வெப்பத்தில் ஒலி காற்றில் நொடிக்கு 350 மீட்டர்தான் போகிறது. அங்கே கல் மண்ணில் ஊன்றி நிற்கிறது. அடியின் அதிர்வை மண் விழுங்கிவிடுவதால் காற்றில் போகும் ஓசை மட்டுமே எஞ்சும். அதே அறைதலை மரத்தளம் போட்ட மாடியில் செய்தால் பலகை, உத்தரம், சுவர் என்று அதிர்வு ஓடி வீடு முழுவதும் முழங்கும். மரத்திலும் கல்லிலும் ஒலி காற்றைவிடப் பத்து மடங்கு வேகத்தில், குறைந்த இழப்போடு ஓடக்கூடியது. கோல்ஃப் அறையின் ‘டக்’ பெரும்பாலும் காற்றுவழிப் பயணி. ‘தொம்’ திரைச் சட்டத்தையும் தரையையும் பிடித்துக்கொண்டு போவது.

காற்றுவழி ஓசைக்கு முதல் தடை எடை. சுவரின் எடை இரு மடங்கானால் தடுப்பு ஏறக்குறைய ஆறு டெசிபல் கூடும். ஒலியின் அதிர்வெண் இரு மடங்கானாலும் அவ்வாறே. ஒலிப்பொறியாளர்கள் இதை நிறை விதி என்பார்கள். இந்தக் கணக்கில் மட்டாஞ்சேரியின் பழைய வீடு பிறக்கும்போதே பணக்காரன். அதன் சுவர் செம்புரைக்கல், மலையாளத்தில் வெட்டுகல். ஈரத்தில் மிருதுவாக வெட்டியெடுத்து, காற்றுபட்டு இறுக விடும் இந்தக் கல்லுக்கு, மலப்புரம் மாவட்டத்து அங்ஙாடிப்புறத்தில் அதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் வெளியான தம் நூலில், செங்கல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். ஒன்றரை அடி தடித்த செம்புரைச் சுவர் சதுர மீட்டருக்குத் தொள்ளாயிரம் கிலோ அளவுக்கு எடை தேறும். கடையில் வாங்கும் அரை அங்குல ஜிப்சம் போர்டு பத்துக் கிலோவுக்குள் அடங்கும். நிறை விதிப்படி இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது டெசிபல் வித்தியாசம். ஆனால் செம்புரைக்கல் துளைகள் நிறைந்தது. பூசாமல் விட்டால் அந்தத் துளைகள் வழியாகவே ஓசை கசியும். இருபுறமும் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் அறுபது டெசிபலை ஒட்டித் தடுக்கக்கூடியது. அதன்மேல் ‘ஒலிகாப்பு’ என்று விற்கும் ஓர் அங்குல ஸ்பாஞ்சை ஒட்டுவது யானைக்கு மழைக்கோட்டு தைப்பதுபோல.

அந்தச் சுவரின் வலிமையை வீணாக்குபவை இடுக்குகள். பதின்மூன்றரை சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சுவரில் கதவு இருக்கிறது; கதவுக்கும் நிலைப்படிக்கும் நடுவே 90 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. சுவரின் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குதான் அது. ஆனால் அதன் வழியே ஓசை தடையின்றிப் போவதால் மொத்தத் தடுப்பு 32 டெசிபலுக்கு மேல் ஏற முடியாது. அறுபது டெசிபல் சுவர் முப்பத்திரண்டாகி நிற்கும். பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் இருபதோடு முடிந்தது. மட்டாஞ்சேரி வீட்டில் கதவு மட்டுமா? காற்றோட்டத்துக்காகவே சாய்பலகை வைத்த சன்னல்கள், சுவருக்கும் கூரைக்கும் இடையே விட்ட திறப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஓடு. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் வார்க்கத் தொடங்கிய வகை ஓடு சதுர மீட்டருக்கு முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. வெறும் எடையைப் பார்த்தால் நல்ல தடை. ஆயினும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் ஓடுகளின் ஒவ்வொரு விளிம்பிலும் காற்று புகும், அதற்காகவே அமைந்தது அது. கோடையில் வீட்டைக் குளிர்விக்கும் அதே இடுக்குகள் அடியின் ஓசையை அண்டை வீட்டு ஓட்டின்மேல் கொட்டும். ஆகவே இத்தகைய வீட்டில் பணத்தையும் கவனத்தையும் விழுங்க வேண்டியது கூரை, சுவர் கடைசி.

கூரையை அடைத்துப் பூசுவது தீர்வாகாது. மழைக்காலத்தில் ஓட்டுக்கடியில் ஈரம் தங்கி மரம் இற்றுவிடும். பாரம்பரியக் கட்டடத்தின் புறத்தோற்றத்தை மாற்றுவதும் விரும்பத்தக்கதன்று. எஞ்சும் வழி அறைக்குள் ஓர் அறை. தரையிலிருந்து தானே நிற்கும் இரும்பு அல்லது மரச் சட்டகம், அதன்மேல் இரண்டடுக்கு ஜிப்சம் அல்லது சிமெண்ட் நார்ப் பலகை, மேலே அதே சட்டகம் தாங்கும் கூரை. பழைய சுவரையும் ஓட்டையும் அது தொடாது. தொடாமல் இருப்பதில்தான் பலன் முழுவதும் இருக்கிறது. இரண்டு தடுப்புகள் நடுவே காற்று விட்டு நிற்கும்போது, ஒரே தடித்த தடுப்பைவிட மிகுதியாக ஓசையைக் குறைக்கும்; நிறை விதியின் ஆறு டெசிபல் கஞ்சத்தனம் அங்கே தளர்கிறது.

அதற்கும் ஒரு விலை உண்டு. இரு தடுப்புகளும் நடுவிலுள்ள காற்றும் சேர்ந்து, விற்சுருளில் கட்டிய இரு குண்டுகள்போல் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊசலாடும். அந்த அதிர்வெண்ணில் தடுப்பு கூடுவதற்குப் பதில் குறைந்துவிடும். செம்புரைச் சுவருக்கு முன்னால் சதுர மீட்டருக்கு இருபது கிலோ எடையுள்ள பலகைச் சுவரைப் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால் ஊசலாட்டம் 43 ஹெர்ட்ஸில் அமையும். ஐந்து சென்டிமீட்டர் என்றால் 60. இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டு சென்டிமீட்டரில் நிறுத்தினால் 96 ஹெர்ட்ஸ்; திரையின் ‘தொம்’ குடியிருக்கும் எல்லைக்குள்ளேயே அது விழும். செலவும் செய்து, சத்தத்தையும் கூட்டிக்கொண்ட கதையாக முடியும். எனவே இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். அதனுள் ராக் வூல் எனப்படும் பாறைப் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஊசலாட்டம் மட்டுப்படும். திணித்து இறுக்கினால் பஞ்சே இரு சுவருக்கும் பாலமாகிவிடும். பாலம் என்பது ஒலிகாப்பில் கெட்ட வார்த்தை. தச்சர் உறுதிக்காகப் பழைய உத்தரத்தில் அடித்த ஒற்றை ஆணி, எலெக்ட்ரீஷியன் இரு சுவரையும் துளைத்து இழுத்த குழாய், இடைவெளியில் விழுந்து காய்ந்த சாந்துக் கட்டி, இவற்றில் ஒன்று போதும், உள் அறையும் வெளி வீடும் மறுபடி ஒன்றாகிவிடும். கட்டி முடித்தபின் இவை கண்ணுக்குத் தெரியாது என்பதால் வேலை நடக்கும்போதே உடன் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தரை தனிக் கதை. கோல்ஃப் மட்டையின் தலை 200 கிராம், வேகம் நொடிக்கு 45 மீட்டர் என்றால் அதன் இயக்க ஆற்றல் இருநூறு ஜூல். பந்தைப் பிசகி விரிப்பில் குத்தினால் அதில் பெரும்பங்கு தரைக்குப் போகும். பத்துக் கிலோ மூட்டையை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்கு ஈடான ஆற்றல் அது. தொடங்குபவரிடம் இந்தப் பிசகு அடிக்கடி நடக்கும். தரை மண்மேல் நேரே கிடந்தால் அதிர்வின் பெரும்பகுதி அங்கேயே சாகும். ஆகவே இரண்டு தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் கீழ்த்தளமே ஒலிக்கு நல்லது. மட்டாஞ்சேரியில் இதற்கு எதிர்வாதமும் உண்டு: காயல் ஏற்றத்தின்போது தாழ்ந்த இடங்களில் தண்ணீர் ஏறும், தரையின் ஈரம் மின்கருவிகளுக்கு எமன். மாடிக்குப் போனால் உயரம் கிடைக்கும், ஈரம் குறையும். ஆனால் கால்வைத்தால் முனகும் மரத்தளம் வந்து சேரும்.

இதற்கு மிதக்கும் தரை என்னும் உத்தி உண்டு. ரப்பர் தாங்கிகளின்மேல் கனமான பலகைத் தளம் ஒன்றை அமைத்து, அதன் ஓரம் எந்தச் சுவரையும் தொடாமல் விட வேண்டும். தளத்தின் பாரத்தில் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறதோ அதைப் பொறுத்துத்தான் பயன். மூன்று மில்லிமீட்டர் அமுங்கினால் தளத்தின் இயல்பு அதிர்வெண் ஒன்பது ஹெர்ட்ஸ். ஐம்பது ஹெர்ட்ஸ் அதிர்வில் கணக்குப்படி முப்பதில் ஒரு பங்குதான் கீழே இறங்கும். கடினமான ரப்பரை வாங்கிப் போட்டு அது அமுங்கவே இல்லையென்றால் வெறும் பலகைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கணக்கில் இன்னொரு நெளிவும் இருக்கிறது: கான்கிரீட் தளத்துக்குப் பொருந்தும் இந்த எண்கள் மரத்தளத்தில் அப்படியே பொருந்துவதில்லை. நீண்ட உத்தரங்கள் தாங்கும் மரத்தளமே ஒரு விற்சுருள். அதன் சொந்த அதிர்வெண்ணும் இதே எல்லைக்குள் வரலாம். ஒரு சுருளின்மேல் இன்னொரு சுருளை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். கீழே உள்ள தளத்துக்கு எடை கூட்டினால் ஆட்டம் அடங்கும். ஆனால் நூறாண்டு தாண்டிய உத்தரம் அந்த எடையைத் தாங்குமா என்பதைக் கட்டுமானப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அவர் தலையசைக்காத மாடியில் இந்த ஆட்டத்துக்கு ஆசைப்படாமல் இருப்பது மேல்.

திரைக்கும் இதே விதி. சுவரில் கொக்கி அடித்துத் திரையை இறுக்கிக் கட்டினால் ஒவ்வொரு ‘தொம்’மும் பொதுச்சுவருக்கு நேரே போகும். தனியே நிற்கும் சட்டகத்தில், இழுவைக் கயிறுகளால் தளர்வாகத் தொங்கவிட்டால் பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடி விசை குறையும். திரைக்குப் பின்னால் ஓர் அடி இடம் விட்டுக் கனத்த திரைச்சீலை ஒன்றையும் தொங்கவிடுவது நல்லது. சட்டகத்தின் குழாய்களுக்குப் பஞ்சுறை போடுவது ஒலிக்காக மட்டுமன்று. இரும்பில் பட்ட பந்து வந்த வேகத்தில் அடித்தவரையே தேடி வரும்.

இவ்வளவும் ஓசையை வெளியே விடாமல் தடுப்பது பற்றி. உள்ளே அதை அடக்குவது வேறு வேலை. அதற்கு வேறு பொருள்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணி முட்டைத் தட்டுகளைச் சுவரெங்கும் ஒட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு புரியாத அளவுக்கு எதிரொலி நீடித்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியரிடம் வந்தது. அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு விரைவாக மடிகிறது என்று அளந்து, அறையின் கன அளவையும் உறிஞ்சும் பரப்பையும் இணைக்கும் சூத்திரத்தை அவர் கண்டடைந்தார். ஆறு மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள வெற்று அறைக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் ஒலி மடிய இரண்டு நொடிக்கு மேல் ஆகும். முப்பது சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமமான உறிஞ்சுபொருள் வைத்தால் அரை நொடிக்கும் கீழே வரும். ஆடுபவரின் காதுக்கு இது பெரிய நிம்மதி. அறைக்குள் நிலவும் எதிரொலி ஏழு டெசிபல் தணியும். வெளியே கசிவதும் அதிகபட்சம் அவ்வளவே குறையும். உறிஞ்சுபொருளிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க இடமில்லை.

எதைக்கொண்டு உறிஞ்சுவது என்பதில் கேரளத்துக்குச் சொந்தச் சரக்கு இருக்கிறது. ஜேம்ஸ் டாரா 1859-இல் ஆலப்புழையில் தொடங்கிய கயிற்று ஆலையிலிருந்து வளர்ந்த தேங்காய் நார்த் தொழில் இன்று தடித்த நார்ப் பாய்களையும் ரப்பர் சேர்த்த நார்ப் பலகைகளையும் தருகிறது. நார்களுக்கு இடையே காற்று புகுந்து உரசி ஆற்றலை இழப்பதுதான் உறிஞ்சலின் இரகசியம். மலேசிய ஆய்வாளர்கள் தேங்காய் நாரை அளந்து, உயர் அதிர்வெண்களில் அது நன்றாக உறிஞ்சுவதையும், மெல்லியதாக இருந்தால் தாழ்ந்த அதிர்வெண்களில் சோர்வதையும், பின்னால் காற்றிடைவெளி விட்டால் தேறுவதையும் கண்டார்கள். காரணம் அலைநீளம். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளம் ஒன்பது சென்டிமீட்டருக்குள். ஐந்து சென்டிமீட்டர் பாயும் பின்னால் நாலு சென்டிமீட்டர் இடைவெளியும் அதைப் பிடித்துவிடும். நூறு ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளமே முக்கால் மீட்டரைத் தாண்டுகிறது. எனவே நார்ப் பாய் ‘டக்’குக்கு மருந்து, ‘தொம்’முக்கு அல்ல. லிக்னின் மிகுந்த நார் ஆகையால் கொச்சியின் ஈரத்தில் எளிதில் மக்குவதில்லை. ஆனால் தீப்பற்றும்; தீத்தடுப்புப் பூச்சு கண்டிப்பாக வேண்டும்.

தீ பற்றிய எச்சரிக்கை நாரைவிட ஸ்பாஞ்சுக்கு ஆயிரம் மடங்கு பொருந்தும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் இசை விடுதி ஒன்றில் அண்டை வீட்டார் சத்தம் பற்றிப் புகார் சொன்னதால் மேடையைச் சுற்றிப் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு ஒட்டினார்கள். 2003 பிப்ரவரி 20 இரவு மேடை மத்தாப்பின் பொறி அதில் பட்டது. சில நிமிடங்களில் பரவிய தீயிலும் நச்சுப்புகையிலும் நூறு பேர் இறந்தார்கள். அண்டை வீட்டுக்குப் போகும் ஓசையைத் தடுக்கும் எடை அந்த ஸ்பாஞ்சுக்குக் கிடையாது. புரொஜெக்டரும் கணினியும் மணிக்கணக்கில் சூடாகும், ஒரே கதவுள்ள அடைத்த அறையில் அத்தகைய ஸ்பாஞ்சுக்கு இடமே கூடாது.

காற்று புகாத அறை ஓசைக்கு நல்லது, மனிதருக்கு ஆகாது. நால்வர் கூடி ஆடினால் அரை மணியில் அறை புழுங்கும். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடும். புதுக் காற்று கொண்டுவராது. ஆகவே காற்று வர ஒரு குழல், போக ஒரு குழல் தேவை. அவற்றின் உட்புறம் உறிஞ்சுபொருள் பதித்து இரண்டு இடத்தில் மடக்கிவிட்டால் காற்று வளைந்து போகும், உயர்ந்த ஓசை ஒவ்வொரு வளைவிலும் சுவரில் மோதித் தேயும். குழல் அகலமாகவும் காற்றோட்டம் மெதுவாகவும் இருந்தால் அதன் சீறலும் கேட்காது. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊரில் இரண்டு சுவருக்கும் இடையிலுள்ள இருட்டு இடைவெளியில் பூஞ்சை பிடிப்பதுதான் அடுத்த ஆபத்து. குளிர்ந்த உள்சுவரின் பின்பக்கத்தில் வெளியின் ஈரக் காற்று பட்டு வியர்க்கும். வெளிப்பக்கத்தை நோக்கிய முகத்தில் ஈரத்தடுப்புத் தாள், துத்தநாகம் பூசிய சட்டகம், ஓட்டுக்கும் உள்கூரைக்கும் இடையே காற்று உலவ இடம், கூரை ஒழுக்கைப் பார்க்க ஆள் நுழையும் திறப்பு ஆகியவற்றை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். அந்தத் திறப்பின் மூடியும் கனமாக, ஓரம் ரப்பர் பதித்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே அடுத்த இடுக்கு.

வேலை முடிந்ததும் சோதனை எளிது. இரவில் உள்ளே பளிச்சென்ற விளக்கை ஏற்றி வெளியே இருட்டில் நின்று பார்த்தால் ஒளி கசியும் இடமெல்லாம் ஒலியும் கசியும் இடம். அங்கே சீலன்ட் பூச வேண்டும், கதவின் அடியில் இறங்கும் ரப்பர் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஒருவர் உள்ளே அடிக்க, இன்னொருவர் அண்டை வீட்டின் அனுமதியோடு அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும். ‘டக்’ கேட்டால் எங்கோ காற்றுக்கு வழி இருக்கிறது. கதவு, குழல், கூரை மூடி என்ற வரிசையில் தேடலாம். ‘தொம்’ மட்டும் கேட்டால் எங்கோ தொடக்கூடாதது தொட்டுக்கொண்டிருக்கிறது: மிதக்கும் தளத்தின் ஓரம் சுவரில் முட்டுகிறதா, திரைச் சட்டகம் உத்தரத்தில் சாய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடற்காற்றில் ரப்பர் பட்டைகள் சில ஆண்டுகளில் இறுகிவிடும் என்பதால், மழைக்காலம் தொடங்குமுன் ஓடு மாற்ற ஆள் வரும்போது இந்தச் சோதனையையும் ஒருமுறை செய்துகொள்வது வசதி.